தினமும் வாசிக்க எந்த வேதாகமம்?

திடப்படுத்தல் முடிந்த கையோடு எங்கள் சபைத் தம்பி ஒருவர் வந்து கேட்டார்: "அண்ணே, நல்ல ஸ்டடி பைபிள் ஒண்ணு வாங்கணும். காலையில தினமும் உக்காந்து வாசிக்கிறதுக்கு. எது வாங்கலாம்?" அவர் கையில் புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை இருந்தது. எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். அதை மனப்பாடமாகச் சொன்னார். "இது ஒரு கடிதத்துல வர்ற வரி தெரியுமா தம்பி? யாருக்கு எழுதுன கடிதம்?" என்றேன். கடிதம் என்பதே அவருக்குப் புதிய செய்தி. ஸ்டடி பைபிள் என்றால் வசனத்தோடு விளக்கக் குறிப்புகளும் சேர்த்து அச்சிட்ட வேதாகமம்.

அவரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் வசனங்களை அட்டையிலும் காலண்டரிலும் சுவரிலும்தான் முதலில் சந்திக்கிறோம். அந்த வசனத்தைத் திரும்ப அதன் அதிகாரத்துக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்க்க ஆசை வருகிறது பாருங்கள், அந்த ஆசை பெரிய விஷயம். அதனால் அவருக்கு அன்றே அரைகுறையாக ஒரு பெயரைச் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. பல வருஷமாக நான் வாங்கியும் இரவல் வாங்கியும் பயன்படுத்திய பதிப்புகளை மறுபடி எடுத்து வைத்து, அதே சில வசனங்களை எல்லாவற்றிலும் பார்த்தேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் வாசிப்பதற்கு ஒரு புத்தகம், விளக்கம் பார்ப்பதற்கு இன்னொரு புத்தகம். இரண்டையும் ஒரே அட்டைக்குள் தேடினால், ஒன்று மொழி இடிக்கும், அல்லது குறிப்பு வசனத்தை விழுங்கிவிடும். இதற்குத் தமிழுக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது.

நம் வீடுகளில் இருக்கும் வேதாகமத்தில் ஏன் விளக்கமே இல்லை என்று யோசித்திருக்கிறீர்களா? 1804-ல் லண்டனில் தொடங்கிய பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின் பைபிள் சொசைட்டி, குறிப்போ விளக்கமோ இல்லாமல் வசனத்தை மட்டுமே அச்சிடுவது என்று விதி வைத்துக்கொண்டது. பல சபைப் பிரிவுகள் ஒன்றாக நின்று ஒரே வேதாகமத்தை அச்சிட வேண்டும் என்றால் அதுதான் வழி. எவர் குறிப்பைப் போட்டாலும் மற்றவர் விலகிவிடுவார். அந்த மரபில் வந்த வேதாகமம்தான் நம் கைக்கு வந்தது. விளக்கம் பிரசங்க பீடத்திலிருந்து வர வேண்டும், வசனம் வீட்டில் இருக்க வேண்டும் என்கிற ஏற்பாடு.

குறிப்புகளுக்கு உள்ள பலம் அவ்வளவு. ஆங்கிலத்தில் 1560-ல் வந்த ஜெனீவா பைபிளின் ஓரக் குறிப்புகள் அரசரையே சங்கடப்படுத்தின. எபிரெய மருத்துவச்சிகள் பார்வோன் சொன்னதை மீறியது சரிதான் என்ற தொனியில் யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 1604-ல் ஹாம்ப்டன் கோர்ட் மாநாட்டில் முதலாம் ஜேம்ஸ் அதைச் சுட்டிக்காட்டித் தன் வெறுப்பைச் சொன்னார். 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பதிப்பு அப்படிப்பட்ட விளக்கக் குறிப்பு இல்லாமல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, முதலில் வாசிக்கும் புத்தகம். நடைமுறையில் நம் முன்னால் இருப்பது இரண்டு. ஒன்று, நாம் ஓ.வி. என்று சொல்லும் பழைய திருப்புதல். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-ல் முழுமையாக வந்தது. 1930-களில் லார்சன் திருப்புதல் வந்தும் மக்கள் இதை விடவில்லை. நம் ஜெபம், பாட்டு, பிரசங்கம், கல்லறை வாசகம் எல்லாம் இதன் சொற்களால் ஆனவை. மற்றொன்று திருவிவிலியம். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு, 1995-ல் வந்தது.

ஓ.வி.யின் ஓசையை என்னால் விட முடியாது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." எங்கள் ஆச்சி கண் தெரியாமல் போன பிறகும் இதைச் சொல்லிக்கொண்டே படுத்திருப்பார். ஆனால் ஞாயிறு பள்ளியில் ஒரு பிள்ளையிடம் தாழ்ச்சி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "யாரும் என்னைத் தாழ்வா நினைக்க மாட்டாங்க" என்று பதில் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. அந்தக் காலத்துத் தமிழில் இங்கே தாழ்ச்சி என்றால் குறைவு, இல்லாமை. திருவிவிலியத்தைத் திறந்தால் ஒரு நொடியில் விளங்கிவிடும்: "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை."

ஆங்கில ஸ்டடி பைபிள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த இடத்தில் நமக்கு உதவாது. அதன் குறிப்புகள் ஆங்கில வாசகனுக்கு எங்கே தடுக்குமோ அங்கே எழுதப்பட்டவை. தமிழ் வாசகனுக்கு ஓ.வி.யில் தடுக்கும் இடம் வேறு. ஆயக்காரன் யார்? நிருபம் என்றால் என்ன? இன்றைய பிள்ளைக்கு நிருபர் தெரியும், நிருபம் தெரியாது. திருவிவிலியம் வரிதண்டுவோர் என்கிறது, திருமுகம் என்கிறது. யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம். உபாகமம் இணைச் சட்டம். அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள். ஓ.வி.யோடு வளர்ந்த ஒருவருக்கு முதல் மாதம் புத்தகத்தின் பெயரைத் தேடுவதே வேலையாக இருக்கும், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சபையில் ஆயர் "ஏசாயா" என்று சொல்ல, நாம் "எசாயா"வைப் புரட்ட வேண்டும். ஆனால் பழகிவிட்டால், ஒவ்வொரு நூலுக்கும் முன்னால் வரும் முன்னுரையும் நூலின் பிரிவுகளும் பெரிய துணை. யார், யாருக்கு, எந்த நிலையில் எழுதினார் என்பதைச் சுருக்கமாகத் தமிழிலேயே சொல்லிவிடும். பத்திகளுக்குத் தலைப்பு உண்டு, அடிக்குறிப்பு உண்டு. பலருக்குத் தெரியாமலே அது பாதி ஸ்டடி பைபிளாகத்தான் இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிப்பதில் இன்னொரு நன்மை. முதல் வசனத்திலேயே ஓ.வி. "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்" என்று முடித்துவிடுகிறது. திருவிவிலியம் "படைத்தபொழுது" என்று தொடர்கிறது. ஒரு முற்றுப்புள்ளியில் இவ்வளவு வித்தியாசமா என்று நாம் நிற்போம். மூல எபிரெயத்தை இரண்டு விதமாகவும் எடுக்க இடம் இருக்கிறது. இப்படி நின்று யோசித்த இடங்கள்தான் எனக்குப் பிறகு மறக்கவே இல்லை.

சில இடங்களில் பயமும் வரும். 1 யோவான் 5:7-ல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று மூவர் பரலோகத்தில் சாட்சியிடுவதாக ஓ.வி.யில் இருக்கிறது. திருவிவிலியத்தில் அந்த வரி இல்லை. "வசனத்தை எடுத்துட்டாங்க" என்று கோபப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இல்லை. லத்தீன் வழியில் வந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அது கிடையாது. 1522-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார். கிங் ஜேம்ஸ் பதிப்பும் நம் ஓ.வி.யும் அந்த அச்சு மரபைப் பின்பற்றியவை. திரித்துவ விசுவாசம் இந்த ஒரு வரியைத் தூணாக வைத்து நிற்கவில்லை என்பதால் இதை அறிந்துகொள்வதில் நட்டம் ஒன்றும் இல்லை. நல்ல விளக்கப் பதிப்பு எது என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனைகளில் இந்த வசனம் ஒன்று. மழுப்பாமல் சொல்கிறதா என்று பார்ப்பேன்.

எளிய தமிழ் மொழிபெயர்ப்புகளும் இருக்கின்றன. புதிதாக வாசிக்கத் தொடங்குபவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நல்லது. ஆனால் ஒப்பிட்டுப் படிக்க உட்காரும்போது அவை போதவில்லை என்பது என் அனுபவம். கடினமான சொல்லை உடைத்து விளக்கமாகவே எழுதிவிடுவதால், மூலத்தில் ஒரே சொல் இரண்டு இடத்தில் வருவது மறைந்துபோகிறது.

அந்த மறைவு ஏன் முக்கியம் என்பதற்கு ரோமர் 3:25. ஓ.வி.யில் "கிருபாதாரபலி". திருவிவிலியத்தில் "கழுவாய்". அங்கே வரும் கிரேக்கச் சொல் ஹிலாஸ்டெரியோன். அதே சொல் எபிரெயர் 9:5-ல் உடன்படிக்கைப் பெட்டியின் மேல் இருந்த கிருபாசனத்துக்கு வருகிறது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் கிருபாசனத்துக்கு அந்தச் சொல்தான். வருஷத்துக்கு ஒருமுறை பிரதான ஆசாரியன் இரத்தம் தெளித்த அந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டு பவுல் இயேசுவைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரிந்ததும், பல வருஷம் வேகமாகக் கடந்துபோன வசனத்தில் நான் ஒரு காலை முழுக்க இருந்தேன். ஓ.வி.யில் கிருபாசனம், கிருபாதாரபலி இரண்டிலும் "கிருபை" தெரிகிறது, ஒரு மெல்லிய நூல் இருக்கிறது. ஆனாலும் குறிப்பு இல்லாமல் நானாக அதைப் பிடித்திருக்க மாட்டேன்.

இனி குறிப்புகளுக்கான புத்தகம். ஆங்கிலம் ஓரளவு வாசிப்பவர் என்றால் தேர்வு நிறைய. பெயர்களைவிட, குறிப்பு எந்த வேலையைச் செய்கிறது என்று பார்ப்பது நல்லது.

தாம்சன் செயின் ரெஃபரன்ஸ், 1908 முதல் வருவது. இதில் விளக்கம் குறைவு, ஓரத்தில் தலைப்பு வாரியாக ஒத்த வாக்கியங்களின் சங்கிலி. ஒரு வசனத்திலிருந்து அடுத்ததுக்கு, அதிலிருந்து அடுத்ததுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். பிரசங்கம் தயாரிப்பவர்களுக்குப் பொக்கிஷம். ஆனால் காலை இருபது நிமிஷத்தில் ஒரு அதிகாரத்தை நிதானமாக வாசிக்க நினைப்பவரை அது இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு சொல்லைப் பிடித்து எங்கெங்கோ போய், ஆரம்பித்த அதிகாரத்தை முடிக்காமல் எழுந்த நாட்கள் எனக்கு அதிகம்.

லைஃப் அப்ளிகேஷன் ஸ்டடி பைபிள், டிண்டேல் நிறுவனம் 1988-ல் வெளியிட்டது. இந்த வசனம் இன்று என் வீட்டுக்கு, என் வேலைக்கு என்ன சொல்கிறது என்பதில்தான் அதன் கவனம். வேதாகமப் பாத்திரங்களின் வாழ்க்கைச் சுருக்கங்களும் உண்டு. குடும்ப ஜெபத்துக்கு உடனே உதவும், சந்தேகமில்லை. என் தயக்கம் ஒன்றுதான்: வசனம் என்ன சொன்னது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, நான் என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்தின் கீழே பதில் வந்துவிடுகிறது. தினமும் அப்படி வந்தால் யோசிக்கும் பழக்கம் போய்விடும்.

என்.ஐ.வி., இ.எஸ்.வி. என்பவை இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகள். அவற்றின் மேல் எழுந்த என்.ஐ.வி. ஸ்டடி பைபிளும் (1985) இ.எஸ்.வி. ஸ்டடி பைபிளும் (2008) வேறு வகை. காலம், இடம், வழக்கம், சொல்லின் பொருள், முன்னும் பின்னும் உள்ள வாதம் என்று விளக்குபவை. இரண்டிலும் இருபதாயிரம் குறிப்புகளுக்கு மேல் உண்டு, எழுதியது அறிஞர் குழு. இ.எஸ்.வி. 2,700 பக்கங்களைத் தாண்டும். வரைபடங்களும் ஆலயத்தின் படங்களும் அற்புதமாக இருக்கும். அதன் குறிப்புகள் பொதுவாகச் சீர்திருத்த மரபின் பக்கம் சாய்பவை, அதைத் தெரிந்துகொண்டு வாசிக்க வேண்டும். ரோமர் 3:25-ல் இரண்டும் நன்றாகவே செய்கின்றன. என்.ஐ.வி.யின் மொழிபெயர்ப்பு அடிக்குறிப்பே உடன்படிக்கைப் பெட்டியின் மூடியைச் சுட்டிவிடுகிறது. ஆங்கிலம் எளிதாக இருக்க வேண்டும் என்பவருக்கு நான் என்.ஐ.வி.யைச் சொல்வேன்.

ஒரே ஆளின் குறிப்புகள் என்பது தனி வகை. மக்ஆர்தர் ஸ்டடி பைபிள் (1997) அப்படி. அதற்கு வெகு முன்னால் ஸ்கோஃபீல்டு, 1909. ஒரு குரல் தொடர்ந்து பேசுவதால் வாசிக்கச் சுகம், தெளிவு. ஆபத்தும் அங்கேதான். சிறுவயதில் கன்வென்ஷன் கூட்டத்தில், ஆதியாகமம் 1:1-க்கும் 1:2-க்கும் நடுவில் பெரிய கால இடைவெளி உண்டு, அதில் ஒரு பழைய உலகம் அழிந்தது என்று கேட்டேன். வேதாகமத்தில் எங்கோ எழுதியிருக்கிறது என்றே நம்பினேன். பிறகு ஒரு நாள் ஸ்கோஃபீல்டைத் திறந்தபோது அந்தக் கருத்து அடிக்குறிப்பில் இருந்தது. கருத்து அவருக்கு முன்பே இருந்ததுதான். ஆனால் உலகம் முழுக்க சாதாரண விசுவாசிகளிடம் பரவ அந்தப் பதிப்பு ஒரு பெரிய காரணம். வசனமும் குறிப்பும் ஒரே பக்கத்தில், ஒரே தாளில், ஒரே தோல் அட்டைக்குள் இருந்தால், நாள் போகப்போக எது எங்கே படித்தது என்று மனம் பிரித்து வைப்பதில்லை. குறிப்புப் புத்தகம் தனியாக இருக்கட்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

நியூ ஆக்ஸ்ஃபோர்டு அனோட்டேட்டட் பைபிள் கல்லூரி வகுப்புக்கு ஏற்றது. இறையியல் படிப்பவர்கள் வாங்கலாம். கத்தோலிக்க நண்பர்களுக்கு இக்னேஷியஸ் ஸ்டடி பைபிள் 2024-ல் முழுமையாக வந்திருக்கிறது.

"அண்ணே, தமிழ்லயே குறிப்போட கிடைக்குதே?" என்று தம்பி கேட்டார். கிடைக்கிறது. ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கி, ஓ.வி. வசனத்தின் கீழே சேர்த்து வரும் பதிப்புகள் உண்டு. ஆங்கிலம் வாசிக்காதவர்களுக்கு அவை பெரிய ஆசீர்வாதம், என் அம்மா அப்படி ஒன்றைத்தான் வைத்திருந்தார். வாங்குமுன் கடையிலேயே ஒன்றைச் சோதியுங்கள். எரேமியா 29:11-ஐ எடுங்கள். மூலத்தில் அங்கே ஷாலோம் என்ற எபிரெயச் சொல், சமாதானம், நலம் என்று இரண்டு பொருளும் தருவது. ஓ.வி. சமாதானம் என்று போட்டது, என்.ஐ.வி. செழிப்பு என்ற பொருளில் போட்டது. மேலே சமாதானம், கீழே செழிப்பைப் பற்றிய விளக்கம் என்று இருந்தால், அந்தக் குறிப்பு வேறொரு மொழிபெயர்ப்புக்கு எழுதப்பட்டது. இரண்டு மூன்று இடத்தில் இப்படி ஒட்டாமல் இருந்தால் வாங்க வேண்டாம். குறிப்பு 10-ம் வசனத்தில் வரும் பாபிலோன் சிறையிருப்பின் எழுபது வருஷத்தைச் சொல்கிறதா என்றும் பாருங்கள். அதைச் சொல்லாமல் 11-ஐ மட்டும் விளக்கினால் அட்டைக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

போனைப் பற்றியும் கேட்பீர்கள். நெட் பைபிள் என்று ஒன்று இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர்கள் தாங்கள் ஏன் இந்தச் சொல்லைப் போட்டோம் என்று எழுதிய அறுபதாயிரம் குறிப்புகளோடு. கேம்பிரிட்ஜ் டிண்டேல் ஹவுஸ் தொடங்கிய ஸ்டெப் பைபிளில் ஒரு சொல்லைத் தொட்டால் அதன் பின்னால் உள்ள எபிரெய, கிரேக்கச் சொல் வரும். காசு இல்லாதவர்கள் குறிப்புப் புத்தகம் வாங்காமலே இவற்றை வைத்துச் சமாளிக்கலாம், நான் மனதார நம்பிச் சொல்கிறேன். ஆனால் வசனத்தைப் போனில் வாசிக்காதீர்கள். காலை ஆறு மணிக்கு சங்கீதத்துக்கு மேலே வாட்ஸ்அப் செய்தி வந்து விழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

புத்தகமாக வாங்கும்போது கண்ணையும் கையையும் கேளுங்கள். சின்ன எழுத்து இருபது வயதில் உறுத்தாது, நாற்பத்தைந்தில் வாசிப்பையே நிறுத்திவிடும். தாளைத் தூக்கிப் பிடித்து, பின்பக்க எழுத்து எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். தைத்த பைண்டிங்கா, பசை மட்டுமா என்று முதுகைத் திறந்து பாருங்கள். தினமும் திறக்கிற புத்தகம், பசை என்றால் ஆதியாகமம்தான் முதலில் கழன்று வரும். ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுத இடம் இருக்க வேண்டும்.

தம்பிக்குக் கடைசியில் இப்படிச் சொன்னேன். வீட்டில் இருக்கும் ஓ.வி.யை மாற்ற வேண்டாம், தினமும் அதில் வாசியுங்கள். பக்கத்தில் திருவிவிலியம் ஒன்று வாங்கி வையுங்கள், கத்தோலிக்கர் கூடுதலாக ஏற்கும் இணைத்திருமுறை நூல்களோடு வரும் பதிப்பு என்றாலும் தயங்க வேண்டாம். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுத் தாண்டிப் போங்கள். சனிக்கிழமை மத்தியானம் கோடு போட்ட இடங்களுக்கு மட்டும் என்.ஐ.வி. ஸ்டடி பைபிளைத் திறங்கள். புதிதாக வாங்க வேண்டாம், என்னுடையதை ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தேன்.

அன்றே எரேமியா 29-ஐ இருவரும் உட்கார்ந்து முதலிலிருந்து வாசித்தோம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதம். முந்திய அதிகாரத்தில் அனனியா, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லியிருந்தான். எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். 7-ம் வசனத்தில் மூன்று முறை வரும் அதே ஷாலோம்தான் 11-ல் வருகிறது. தம்பி வாக்குத்தத்த அட்டையை அந்தப் பக்கத்தில் அடையாளமாக வைத்து மூடினார். "அப்போ இதைக் கேட்டவங்கள்ல பாதிப் பேரு ஊருக்குத் திரும்பியே போயிருக்க மாட்டாங்கல்லாண்ணே?" என்று கேட்டார். ஆமா என்றேன். அதற்கப்புறம் வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.